எந்த இடத்தில் யார் கை

என் மனைவி மரகதத்தின் சிறுநீர் ஒரு நாள் காலையில் செந்நிறமாக வெளியேறிற்று. முந்தைய நாள் உண்ட பீட்ரூட்டின் நிறம் என்று அவள் கருதினாள். பீட்ரூட் உண்ணாமலே மூன்றாம் நாள் அந்நிறம் மீண்டபோதுதான் என்னிடம் கூறினாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலி இல்லை என்பதாலேயே மேலும் பத்து நாள்களைக் கடத்தினோம். இதைப் படிப்பவர் எவரேனும் அவ்வாறு கடத்திக்கொண்டிருந்தால், கட்டுரையை இவ்விடத்திலேயே வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்வது நன்று. எஞ்சியதைப் பின்னர்ப் படிக்கலாம்.

நாங்கள் போடிநாயக்கனூரில் வாழ்பவர்கள். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். மரகதம் தன் தமையனாரின் ஏலக்காய்க் கிடங்கில் காய் பிரிக்கும் பகுதியை முப்பது ஆண்டுகளாக மேற்பார்வையிட்டு வருகிறாள். போடிமெட்டுக்கு மேலுள்ள தோட்டங்களில் உலர்த்தி இறக்கப்படும் காயை நிறம், பருமன், வெடிப்பு ஆகியவற்றைக் கண்டு வகைப்படுத்துவது அங்குள்ள வேலை. நாள் முழுதும் கால்மடக்கி அமர்வதால் இடுப்பில் ஒரு மந்தமான நோவு அவளுக்கு எப்போதும் உண்டு. அந்நோவின் பின்னால் வேறொன்று வளர்ந்ததை நாங்கள் அறியவில்லை.

ஊரில் எடுத்த ஸ்கேன் இடப்புறச் சிறுநீரகத்தில் ஒரு கட்டியைக் காட்டியது. மதுரையில் எடுத்த சி.டி. ஸ்கேன் (உடலைக் குறுக்குவெட்டுப் படங்களாகக் காட்டும் ஊடுகதிர் ஆய்வு) அக்கட்டி குருதிக் குழாய்களுக்கு மிக அருகில் இருப்பதைக் காட்டியது. வலப்புறச் சிறுநீரகம் பல்லாண்டுகளுக்கு முன் கல்லடைப்பால் சுருங்கிப் பெரும்பாலும் செயலற்றுப் போயிருந்தது. எனவே கட்டியோடு இடப்புறச் சிறுநீரகம் முழுவதையும் எடுத்துவிட்டால் அவள் வாழ்நாள் முழுதும் டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே குருதியைத் தூய்மை செய்தல்) செய்துகொள்ள வேண்டும். கட்டியை மட்டும் அகற்றி எஞ்சியதைக் காக்க இயலுமா என்பதே எங்கள் முன் நின்ற ஒரே வினா.

மதுரை மருத்துவமனையின் நடைவழிச் சுவரில் ஓர் ஆளுயரப் படம் இருந்தது. நான்கு இயந்திரக் கைகள் வெண்ணிற உறையணிந்து ஒரு படுக்கையின் மேல் கவிந்திருந்தன. படுக்கையில் எவரும் இல்லை. அருகிலும் எவரும் இல்லை. நான் அதன் எதிரில் பலமுறை நடந்தேன்.

அறுவை மருத்துவர் ஐம்பது வயதுக்காரர், அமைதியாகப் பேசுபவர். ரோபோ வழி அறுவையைப் பரிந்துரைத்தார். வயிற்றில் ஐந்தாறு சிறு துளைகள் இடப்படும். அவற்றின் வழியே இயந்திரத்தின் கைகள் உட்செல்லும். மருத்துவர் அதே அறையில் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட காட்சியைப் பார்த்தவாறு தம் விரல்களை அசைப்பார். உள்ளிருக்கும் கைகள் அவ்வசைவைப் பின்பற்றும்.

"அது தானாக எதையும் செய்யுமா?" என்று கேட்டேன்.

"செய்யாது சார். நான் அசைச்சாத்தான் அசையும். என் கை நடுங்கினாக்கூட அந்த நடுக்கத்தை வடிகட்டிட்டுத்தான் உள்ள அனுப்பும்."

அவர் கூறியவை யாவும் என்னை நோக்கியே கூறப்பட்டன. இறுதியில் மரகதத்தின் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்கம்மா" என்றார்.

"பயம் இல்லைங்க டாக்டரு. வயிறு என்னோடது. என்னையப் பாத்துப் பேசுனீகன்னா நல்லாருக்கும்" என்றாள்.

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கூறினார். நான் இரண்டாம் முறை கேட்டேன். அவள் முதன்முறையாகக் கேட்டாள்.

அறுவைக்கு முந்தைய நாள் அவள் தமையனார் தொடர்வண்டியில் வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன் தம் கிடங்கில் நிறம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை நிறுவியவர் அவர்.

"மாப்ளே, என் மிஷினு வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னவ இவ. இப்பப் பாருங்க, இவ வயித்துக்குள்ளயே மிஷினு போகப்போகுது" என்றார்.

"போகட்டும்ண்ணே. உன் மிஷினு மாதிரி நல்ல காயையும் சொத்தக் காயையும் ஒண்ணாத் தள்ளாம இருந்தாச் சரி" என்றாள் மரகதம். அடுத்த கட்டிலில் இருந்த அம்மையாரும் சிரித்தார். நோயாளர் பகுதியில் அன்று நான் கேட்ட ஒரே சிரிப்பு அது.

பிற்பகலில் பயிற்சி மருத்துவர் ஒருவர் ஒப்புதல் படிவத்தைக் கொணர்ந்தார். முப்பது வயதுக்கு உட்பட்ட பெண். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி வந்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: அறுவையின் எப்பகுதியையும் மூத்த மருத்துவரின் கண்காணிப்பில் பயிற்சி மருத்துவர் செய்யலாம். அதன் கீழ் இன்னொரு வரி: அறுவையின் ஒளிப்பதிவைக் கற்பித்தலுக்கு மருத்துவமனை பயன்படுத்தலாம்.

அவ்விரு வரிகளையும் நான் சொல்லவில்லை. அவளை அச்சுறுத்த வேண்டாம் என்று எண்ணினேன் என இப்போது எழுதலாம். உண்மையில் அவற்றைச் சொன்னபின் எழக்கூடிய பேச்சை நான் அஞ்சினேன்.

"நிறுத்துங்க" என்றாள். "உங்க வெரலு ரெண்டு வரி தாண்டிருச்சு."

"முதன்மையானது ஒன்றுமில்லை, மரகதம்."

"முக்கியமில்லாதத எதுக்குத் தாண்டணும்? அதையும் சேத்து வாசிச்சிருக்கலாமே."

சாய்த்த தட்டில் உருளும் காயினூடே ஒரு சொத்தையைக் கண்டெடுக்கும் கண்கள் அவை. நான் சொன்னேன். அவள் பயிற்சி மருத்துவரை ஏறிட்டு நோக்கினாள்.

"நீதானா தாயி அது?"

"ஆமாம்மா. சார் பக்கத்திலேயே இருப்பார்."

"சரி. கையெழுத்து அப்புறம் போடுறேன். உங்க டாக்டரக் கொஞ்சம் வரச்சொல்லு."

இவ்விடத்தில் அவர்கள் கிடங்கின் வழக்கம் ஒன்றைக் கூறியாக வேண்டும். இயந்திரம் வந்த முதற் பருவத்தில், வடநாட்டு வணிகர் ஒருவர் ஒரு மூட்டையைத் திருப்பியனுப்பினார். நிறம் கெட்ட காய் கலந்திருந்தது. யார் பிரித்தது என்று கேட்டபோது எல்லோரும் ஒரே மறுமொழியைக் கூறினர்: மிஷினு பிரிச்சது. அதன்பின் மரகதம் ஒரு நெறியை ஏற்படுத்தினாள். இயந்திரம் பிரித்த குவியலை ஒருவர் கைவிட்டு அளைந்து பார்க்க வேண்டும். அவர் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு மூட்டையினுள் செல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மூட்டை எனில் இரண்டு பெயர்கள்: பார்த்தவள் பெயரும், பக்கத்தில் இருந்து கற்பித்தவள் பெயரும். மூட்டை திரும்பினால் அவ்விருவரும் எழுந்து வந்து காயைப் பார்ப்பர். வசவோ தண்டமோ இல்லை. பார்க்க வேண்டும், அவ்வளவே.

மருத்துவர் வந்தார். வேறோர் அறுவைக்கு நேரமாகிவிட்டதை அவர் முகம் காட்டியது. மரகதம் மேற்கண்ட வழக்கத்தை நாலைந்து சொற்றொடர்களில் கூறி முடித்தாள்.

"அதனால கேக்குறேன். நாளைக்கு எந்த எடத்துல யாரு கைன்னு இந்தத் தாள்ல எழுதித் தருவீகளா?"

"அம்மா, இது ஒரு டீமா செய்யுற வேலை. பொறுப்பு முழுக்க என்னோடதுதான்."

"பொறுப்பு உங்களோடதுன்னு தெரியும். கை யாரோடதுன்னுதான் கேட்டேன்."

அவர் படிவத்தை எடுத்து அவ்வரியைப் பார்த்தார். பிறகு, "என் ஜூனியர் செய்ய வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றார்.

"அப்படி எங்க சொன்னேன்? அதுவும் கத்துக்கிட வேணாமா? எங்க கிடங்குல கத்துக்கிட்டு வந்தவுகதான் எல்லாரும். பேரு போட்டுட்டுச் செய்யச் சொல்லுங்க."

மருத்துவர் நாற்காலியை இழுத்து அமர்ந்தார். படிவத்தின் ஓரத்தில் தம் கையால் எழுதினார். துளைகளிடுவதும், குடலை ஒதுக்கிச் சிறுநீரகத்தைச் சுற்றிப் பிரிப்பதும் பயிற்சி மருத்துவர். முதன்மைக் குருதிக் குழாயைப் பற்றி அடைப்பதும், கட்டியை வெட்டியெடுப்பதும், தைப்பதும் தாம். அவரும் உடன் வந்திருந்த பயிற்சி மருத்துவரும் தத்தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டனர். இதுவரை எந்த நோயாளரும் தம்மிடம் இதைக் கேட்டதில்லை என்று மருத்துவர் கூறினார். அவர் குரலில் சினம் இருந்ததா மதிப்பு இருந்ததா என்று என்னால் துணிய இயலவில்லை.

மரகதம் கையொப்பமிடும் முன் மேலும் ஒன்று கூறினாள்.

"கிட்னிய எம்புட்டுக் காப்பாத்த முடியுமோ அம்புட்டுக் காப்பாத்துங்க. உசுருக்கு ஆபத்துன்னா எடுத்துருங்க. நடுவுல இவுகளக் கேக்க வெளிய ஓடியாராதீக. இவுக வரி தாண்டுவாக."

எவரும் சிரிக்கவில்லை. நாற்பது ஆண்டுத் திருமண வாழ்வில் அவள் என்னைப் பற்றிப் பிறர்முன் கூறிய ஒரே குறை அது. அதுவும் உண்மையான குறை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளை உள்ளே கொண்டு சென்றனர். மூன்று மணி நேரம் என்றனர், ஐந்துக்கு மேலாயிற்று. நடைவழியில் அமர்ந்திருந்தேன். என்னிடம் எவரும் எதையும் கேட்க வரவில்லை. மைத்துனர் இருமுறை தேநீர் கொணர்ந்தார், இருமுறையும் ஆறிப்போயிற்று. முடிவெடுக்கும் உரிமை தன்னிடம் இல்லாத ஒருவன் காத்திருப்பது எத்தகையது என்பதை அன்று அறிந்தேன். மருத்துவமனைகளில் நோயாளர் பெரும்பாலும் அந்நிலையில்தான் கிடக்கின்றனர் என்பது பின்னர்த் தோன்றியது.

ஒன்றரை மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார். பயிற்சி மருத்துவரும் உடன் வந்தார்.

"கட்டி முழுசா வந்திருச்சு. கிட்னியைக் காப்பாத்தியிருக்கோம். ஆனா ஒண்ணு சொல்லணும் சார். சுத்திப் பிரிக்கும்போது ஒரு சின்ன ரத்தக்குழாய் கிழிஞ்சிருச்சு. அதை நிறுத்தறதுக்காக மெயின் ரத்த ஓட்டத்தை நினைச்சதைவிட முன்னாடியே அடைக்க வேண்டி வந்துச்சு. அதிக நேரம் அடைப்புல இருந்திருக்கு. கிட்னி எப்ப முழிச்சுக்கும்னு ரெண்டு மூணு நாள் பாக்கணும்."

பிரித்தல் எவர் பங்கு என்பது தாளில் இருந்தது. பயிற்சி மருத்துவர் தரையை நோக்கவில்லை. என்னை நோக்கி நின்றார். "என் கைதான் சார்" என்றார்.

அடுத்து வந்த நாள்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள், குருதியில் இது மிகுந்தால் வடிகட்டல் குறைந்ததென்று பொருள்) என்னும் ஒற்றைச் சொல்லால் அளக்கப்பட்டன. நாள்தோறும் காலை ஆறு மணிக்குக் குருதி எடுத்தனர். பத்து மணிக்கு முடிவு வந்தது. முதல் நாள் ஏறிற்று. இரண்டாம் நாளும் ஏறிற்று. மூன்றாம் நாள் மேலும் ஏறியபோது, மறுநாளும் ஏறினால் டயாலிசிஸ் தொடங்கலாம் என்றனர். அது தற்காலிகமானதா நிலையானதா என்று கேட்டேன். அப்போது கூற இயலாது என்றனர். அவ்விடையை நான் குறையாகக் கருதவில்லை. தெரியாததைத் தெரியாது என்று கூறும் மருத்துவமனையில் இருக்கிறோம் என்பது ஒரு பிடிமானமாயிற்று.

நான்காம் நாள் காலையில் அளவு முந்தைய நாள் அளவிலேயே நின்றது. ஐந்தாம் நாள் இறங்கிற்று. மரகதத்திடம் சொன்னேன். "நின்னதுக்கே சந்தோசப்பட்டுட்டேன். எறங்குனது உபரி" என்றாள்.

பயிற்சி மருத்துவர் நாள்தோறும் இருவேளை வந்தார். தம் பணி நேரம் முடிந்தபின்னும் வந்தார். ஒருமுறை மரகதம், "உனக்கு வேற சோலியே இல்லையா தாயி? போயிச் சாப்புடு, வெரசா" என்று விரட்டினாள். அப்பெண்ணின் கண்கள் நிறைந்தன. மரகதம் அதைக் காணாதவள் போல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் வீடு திரும்பினோம். திசு ஆய்வில் கட்டி புற்றுநோய் என்றும், வெட்டின் விளிம்புகளில் நோய் இல்லை என்றும் முடிவு வந்தது. தொடர் சோதனைகள் தவிர வேறு மருத்துவம் தேவைப்படவில்லை. எஞ்சிய சிறுநீரகம் முன்போல் இயங்கவில்லை. டயாலிசிஸ் வேண்டாத அளவுக்கு இயங்குகிறது. உப்பைக் குறைத்தோம். வலிநீக்கி மாத்திரைகளை அறவே விலக்கினோம். அவை சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்பவை. கிடங்குக்கு அரை நாள் மட்டும் செல்கிறாள். தரையில் அமராமல் நாற்காலியில் அமர்கிறாள்.

ஆறு வாரம் கழித்து மறுபார்வைக்குச் சென்றபோது, அறுவையின் பதிவைத் தான் பார்க்க வேண்டும் என்றாள். மருத்துவர் என்னை நோக்கினார். பிறகு, அவராகவே, அவளை நோக்கினார்.

"கஷ்டமா இருக்கும்மா."

"அறுத்ததத் தாங்குனவளுக்குப் பாக்குறதா கஷ்டம்?"

கணினித் திரையில் காட்டினார். பயிற்சி மருத்துவரையும் அழைத்தார். என்னால் சில நொடிகளுக்கு மேல் பார்க்க இயலவில்லை; மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரகதம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னே சாய்ந்து பார்த்தாள். மஞ்சள் கொழுப்பினூடே இரு சிறு இடுக்கிகள் நுட்பமாக இயங்கின என்றும், ஓரிடத்தில் ஒன்று இழுத்தது என்றும், திரை சிவந்தது என்றும் பின்னர்ச் சொன்னாள்.

"இந்தா, இந்த எடத்துல. இழுக்குறது வெரலுக்குத் தெரியலையா தாயி?"

"தெரியாதும்மா. இந்த மிஷின்ல தொட்டா தொட்ட மாதிரி கைக்கு உணர்வு வராது. எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு கண்ணால பாத்துத்தான் கணிக்கணும். நான் கணிச்சது தப்பாயிருச்சு."

"ஆனா கை ஆடல. ரத்தம் வந்தப்புறமும் ஆடலையே."

"ஆடுச்சும்மா. ரொம்பவே நடுங்குச்சு. மிஷின் அதை வடிகட்டிருச்சு. திரையில தெரியாது."

மரகதம் திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்போ பக்கத்துல இருக்குறவுகளுக்கு நீ பயந்தது எப்படித் தெரியும்?"

மருத்துவர்தான் விடையிறுத்தார். "அவங்க வாயைத் திறந்து சொன்னாங்கம்மா. 'சார், எடுத்துக்கோங்க'ன்னு சொன்னாங்க. உடனே நான் கன்ட்ரோலை எடுத்துக்கிட்டேன்."

இயந்திர அறுவையை அறம் என்னும் கோணத்தில் எண்ணும்போதெல்லாம் இவ்வுரையாடலுக்கே நான் திரும்புகிறேன். அக்கருவி இல்லையேல் மரகதத்தின் சிறுநீரகம் எஞ்சியிருக்குமா என்பது ஐயம். அவ்வளவு நெருக்கமான இடத்தில் வெட்டித் தைக்க மனித மணிக்கட்டு வளையாது என்று மருத்துவர் கூறினார். அதனை நம்புகிறேன். ஆயினும் அக்கருவி கையின் நடுக்கத்தை நீக்கும்போது, அச்சத்தின் அடையாளத்தையும் நீக்கிவிடுகிறது. முன்பு அருகில் நின்றவர் கண்டறிந்ததை இப்போது ஒருவர் தாமே சொல்லியாக வேண்டும். சொல்லும் துணிவு அன்று அப்பெண்ணுக்கு இருந்தது. அதற்கு முந்தைய நாள் தம் பெயரைத் தம் கையால் எழுதியது அத்துணிவுக்கு உதவிற்றா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இவ்வகை அறுவையை எதிர்நோக்குவோர்க்கு என்னால் கூறக்கூடியது சிறிதே. இயந்திரம் எவ்வளவு சிறந்தது என்பதை மருத்துவமனையினரே விரிவாகக் கூறுவர். அதன் பின்னால் அமரப்போகிறவர் யார், இடையில் மாறுவாரா, தவறு நேர்ந்தால் எவர் வந்து சொல்வார் என்பவற்றை நீங்கள் கேட்க வேண்டும். கேட்பவர் நோயாளராகவே இருத்தல் நலம். உடனிருப்போர் அன்பின் பெயரால் பலவற்றை மறைப்பர். நான் மறைத்தேன்.

அன்று விடைபெறும்போது மருத்துவர், "இந்தப் பதிவை என்கிட்ட படிக்கிறவங்களுக்குக் காட்ட நினைக்கிறேன். ஃபார்ம்ல நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க, காட்டலாம். இருந்தாலும் கேக்குறேன்" என்றார்.

மரகதம் திரையைத் திரும்பிப் பார்த்தாள். "கிழிஞ்ச எடத்தையுமா?" என்றாள்.

"பொதுவா அதை வெட்டிட்டு நல்லா வந்த பகுதியைத்தான் காட்டுவோம்."

"வெட்டிறாதீக. கிழிஞ்சதத்தான் காட்டணும். அதக் காட்டலைன்னா மத்ததும் வேணாம்."

"நானே நின்னு சொல்லிக் காட்டுறேன்மா" என்றார் பயிற்சி மருத்துவர்.

ஆண்டு ஒன்று கடந்துவிட்டது. மூன்று திங்களுக்கு ஒருமுறை குருதிச் சோதனை. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஸ்கேன். எங்கள் நாள்காட்டியில் விழாக்களைவிட இவை முன்னதாகக் குறிக்கப்படுகின்றன. முன்பு உடல் என்பது தோலோடு முடிவது என்றே எண்ணியிருந்தேன். இப்போது என் மனைவியின் உடலில் ஒரு பகுதி மதுரையில் ஓர் அறையில் ஒளியாக இருக்கிறது. புதிய மருத்துவர்கள் சேரும்போதெல்லாம் அது காட்டப்படுகிறது. அங்கே அக்குழாய் ஒவ்வொரு முறையும் முதன்முறையாகக் கிழிகிறது; குருதி ஒவ்வொரு முறையும் முதன்முறையாகப் பரவுகிறது. இங்கே அவள் காலை உணவை முடித்துவிட்டுக் கிடங்குக்குப் புறப்படுகிறாள். இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. எது முன்னது, எது பின்னது என்று வரிசைப்படுத்த என்னால் முடிவதில்லை.

சென்ற வாரம் அந்தப் பயிற்சி மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். புதன்கிழமை பதினொரு மணிக்கு அப்பதிவைக் காட்டும் வகுப்பு என்றார். புதனன்று மரகதம் கிடங்குக்குச் செல்லவில்லை. கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். மணி பதினொன்றானதும் இடக்கையை விலாவின் கீழ் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லங்க" என்றாள். "பாத்துக்கிட்டு இருக்காக. சத்தம் போடாம இருங்க."

நான் வானொலியை நிறுத்திவிட்டு அவள் அருகில் அமர்ந்தேன்.